கீழ்க் கம்பெனி கட்டிய பாலம்

"புதுசு இருக்கானா?" என்று கைபேசியில் யாராவது கேட்டால், புதுசின் மனைவி கூப்பிடுவது யார் என்றுகூடக் கேட்கமாட்டாள். "என்னங்க, உங்க பட்டாளத்து ஆளுங்க" என்று கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போவாள். அவருக்கு அறுபத்து நாலு வயது. முன்மண்டை முடி விடைபெற்றுப் பதினைந்து வருடமாகிறது. இரண்டு முழங்கால்களும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகின்றன. இருந்தும் உலகத்தில் ஒரு முப்பது பேருக்கு அவர் இன்னும் புதுசுதான்.

இன்று காலை கூப்பிட்டது சமையல் மாஸ்டர். எண்பத்து மூன்று வயதிலும் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, அடுப்படியிலிருந்து ஆற்றங்கரைக்குக் கேட்கிற குரல்.

"டேய் புதுசு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் என் பையன் வீட்டுல கூடறோம். முட்டி வலி, முதுகு வலின்னு சாக்கு சொன்னா ஆள் அனுப்பித் தூக்கிட்டு வரச் சொல்லுவேன்."

"வராம இருப்பேனா மாஸ்டர்?"

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "போனதும் அந்தப் பாலத்துக் கதையை எடுப்பீங்க. கல்யாணமான வருஷம் நீங்க சொன்னப்போ அந்த அண்டா அம்பது பேருக்குச் சோறு ஆக்குற அண்டா. போன வருஷம் சொன்னப்போ அதுக்குள்ள ரெண்டு பேர் குளிக்கலாம்."

"அது பெரிய அண்டாதான்டி."

"பெருசுதான். நான் எங்க இல்லைன்னேன்?"

அண்டா விஷயத்தில் அவள் சொல்வது நியாயம். நாற்பத்தைந்து வருடத்தில் அது கொஞ்சம் வளர்ந்துதான் விட்டது. மற்றபடி அந்தக் கதையில் அவர் ஒரு சொல்கூட ஏற்றியதில்லை. ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், புதுசு என்கிற அந்தப் பையன் ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. அதற்கு முன்னால் அவன் எந்த வீட்டிலும் முழுசாக இரண்டு வருடம் இருந்ததில்லை. அம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள். அப்பா வேலை தேடி எங்கோ போனவர் வேலையோடு அங்கேயே தங்கிவிட்டார். பெரியப்பா வீட்டில் ஒன்றரை வருடம், அத்தை வீட்டில் ஒரு வருடம், சித்தி வீட்டில் பத்து மாதம், மறுபடி பெரியப்பா வீடு என்று பந்து மாதிரி உருண்டுகொண்டிருந்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் போ என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பார்கள். அந்தக் குரல் காதில் விழுந்ததும் இவன் தன் சட்டைகளை மடிக்க ஆரம்பித்துவிடுவான். அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து முதல் போஸ்டிங்காக அவனுக்குக் கிடைத்தது ஆற்றங்கரையில் இருந்த பாலம் கட்டும் கம்பெனி, பட்டாளத்தில் நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு பிரிவு. அங்கே இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஆற்றின் மேற்போக்கில் கூடாரம் போட்டிருந்தவர்கள் மேல் கம்பெனி. அரை மைல் கீழே இருந்தவர்கள் கீழ்க் கம்பெனி. இவன் கீழ்க் கம்பெனி. நீளமான தகரக் கூரைக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டு இரும்புக் கட்டில்கள். அவனுக்குச் சொன்ன கொட்டகையில் ஜன்னலை ஒட்டியிருந்த பதினேழாவது கட்டில் காலியாக இருந்தது. அதன் ஒரு கால் குட்டை என்பதால்தான் காலியாக இருந்தது என்பது அன்று ராத்திரி புரண்டு படுத்தபோது தெரிந்தது. காலையில் எழுந்து பார்த்தால், குட்டைக் காலுக்கு அடியில் யாரோ மரக்கட்டை செதுக்கி வைத்திருந்தார்கள். யார் என்று கேட்டான். எல்லோரும் பல் தேய்க்கப் போய்விட்டார்கள்.

அவர்கள் கட்டுவது இரும்புப் பாலம். அதன் பக்கச் சட்டங்களுக்குப் பேனல் என்று பெயர். ஆள் மார்பு உயரம், இரண்டு ஆள் நீளம், ஆறு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். இரண்டு பேனல்களை எதிரும் புதிருமாக நிறுத்திக் குறுக்கே உத்தரம் போட்டால் ஒரு கட்டு. கட்டுக்குக் கட்டு பேனல்களின் ஓட்டைகளை நேராக வைத்து, உள்ளே வெள்ளரிக்காய் கனத்தில் ஓர் இரும்புப் பின்னைச் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். பின் நழுவாமல் இருக்க அதன் நுனியில் ஒரு சின்ன க்ளிப். இவன் ஒல்லி என்பதால் பேனல் தூக்க விடவில்லை. க்ளிப் மாட்டுகிற வேலை கொடுத்தார்கள். "கொண்டை ஊசி குத்துற வேலைடா உனக்கு" என்று கிண்டல் வேறு.

இப்படிப் பத்துக் கட்டு. ஆற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு கட்ட முடியாதல்லவா? இந்தக் கரையிலேயே உருளைகள் மேல் வைத்துக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு மேலே தள்ளிக்கொண்டே போவார்கள். முன்னால் எடை குறைந்த ஒரு வெறும் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மூக்கு என்று பெயர். மூக்கு எதிர்க்கரையைத் தொடும்வரை வால் பக்கம்தான் கனமாக இருக்க வேண்டும். தலை கனத்தால் மொத்தமும் குப்புற ஆற்றில்.

அங்கே எல்லாம் சார்ஜென்ட் வைத்ததுதான் சட்டம். அவருக்கு விசில் என்று பெயர். ஒரு விசில் என்றால் தூக்கு, இரண்டு என்றால் இறக்கு, நீள விசில் என்றால் மூச்சுகூட விடாதே. தூங்கும்போதும் விசில் வாயிலேயே இருக்கும், குறட்டை விட்டால் பாதிக் கொட்டகை எழுந்து பேனலைத் தூக்கப் போய்விடும் என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரிப்பார்.

இவன் போய்ச் சேர்ந்த ஆறாம் நாள், கம்பெனித் தலைவரான மேஜர் எல்லோரையும் நிறுத்திவைத்து ஓர் உத்தரவைப் படித்தார். இரண்டு பாலம் கம்பெனிகள் தேவையில்லை, ஒன்று போதும் என்று தலைமையகம் முடிவு செய்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் போட்டி. இரண்டு கம்பெனிகளும் ஒரே நேரத்தில் பாலம் கட்ட வேண்டும். யாருடைய பாலத்தில் ஜீப் முதலில் கடக்கிறதோ அவர்கள் ஆற்றங்கரையில் இருப்பார்கள். தோற்ற கம்பெனியைக் கலைத்து ஆளுக்கு ஒரு திசையாக அனுப்பிவிடுவார்கள். கம்பெனிப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும்தான் பாலத்தில் கை வைக்கலாம். வெளியாள் ஒருவன் தொட்டாலும் தோல்வி.

மேல் கம்பெனி ஆறு வருடமாகத் தொடர்ந்து ஜெயிக்கிற கம்பெனி. அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவன் கொட்டகைக்குப் போனான். பெட்டியைத் திறந்து சட்டைகளை மடிக்க உட்கார்ந்தவன், இரண்டு சட்டை மடித்ததும் நிறுத்திவிட்டான். முடியாது. இந்த ஒரு இடத்தை விட்டுப் போக முடியாது. குட்டைக் கட்டிலாக இருந்தாலும் அது அவனுடைய கட்டில். அன்று முதல் காலை ஐந்துக்கு எல்லோரும் எழுவதற்குள் அவன் ஆற்றங்கரையில் க்ளிப் மாட்டிப் பழகிக்கொண்டிருந்தான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் விசில் அவனிடம் ஒரு பச்சை பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தார்.

"பிரிகேடியர் வர்றார். எட்டு பேனல் அடிச்சாச்சு. மிச்சம் பன்னெண்டும் நீ அடிக்கற. ஒரு இடம் விடாம அடிக்கணும், என்ன?"

"சரி சார்."

போன வீடுகளில் எல்லாம் சொன்ன வேலையை ஒன்றுக்கு இரண்டாகச் செய்து பழகியவன் அவன். அப்போதுதான் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆகவே ஒரு இடம் விடாமல் அடித்தான். மேலே அடித்தான், கீழே அடித்தான். கம்பில் துணி சுற்றிப் பின் போகிற ஓட்டைகளுக்குள்ளும் அடித்தான். காய்ந்ததும் இன்னொரு கை அடித்தான். சாயங்காலம் முகாமின் முடிதிருத்துநர், எல்லோருக்கும் பார்பர் அண்ணன், இவன் முழங்கை வரை அப்பியிருந்த பச்சையைச் சவரக் கத்தியால் சுரண்டி எடுத்தார். "பேனலுக்கு அடிக்கச் சொன்னா நீ உனக்கே அடிச்சுக்கிட்டு வந்திருக்க" என்றார். விசில் வந்து பளபளக்கும் பேனல்களைப் பார்த்து, "வேலைன்னா இது வேலை" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போட்டி நாள் காலை ஏழு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. ஆற்றங்கரையில் நூறு அடி இடைவெளியில் இரண்டு கம்பெனிகளும். நடுவில் பிரிகேடியர், அவர் பக்கத்தில் ஸ்டாப் வாட்ச் கடிகாரத்தோடு சப்ளை ஆபீசர். விசில் ஊத, முதல் நான்கு கட்டும் பூட்டுக்குள் சாவி போகிற மாதிரி விழுந்தன. பின் இறங்கும், இவன் க்ளிப் மாட்டுவான், அடுத்தது. அந்தப் பக்கம் மேல் கம்பெனியின் சார்ஜென்ட், ஊரே பயப்படுகிற மீசை வைத்தவர், இரண்டு தடவை திரும்பி இவர்களைப் பார்த்துவிட்டார். ஆறு வருடத்தில் அவர் இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

ஐந்தாவது கட்டுக்கு வந்தபோது, இரும்புப் பின் பாதி இறங்கி நின்றுவிட்டது.

சம்மட்டிக்காரன் ஓங்கி அடித்தான். நகரவில்லை. இன்னொரு பின் எடுத்துப் பார்த்தான், அதுவும் நின்றது. பேனலை மாற்றினார்கள், அதிலும் போகவில்லை. விசில் ஓடிவந்து ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் பச்சையாக வெளியே வந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடி எங்கே போவது?

"சார், நான்தான்" என்றான். "ஓட்டைக்குள்ளயும் அடிச்சேன். ரெண்டு கை. பன்னெண்டு பேனல்லயும்."

நாற்பது பேர் அவனைப் பார்த்தார்கள். யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. விசில் வாயிலிருந்த விசிலை எடுத்தார். அதுவே அங்கே பெரிய சம்பவம்.

"ஒரு இடம் விடாதன்னு சொன்னது நான்" என்றார். "பையன் சொன்ன வேலையைச் செஞ்சிருக்கான். சொல்லத் தெரியாம சொன்னவன் நான். எல்லாரும் என்னைத் திட்டறதுன்னா சாயங்காலம் வரிசையா வந்து திட்டுங்க. இப்போ இதைச் சுரண்டி எடுக்க என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க."

பாக்கெட் கத்தியை விட்டுப் பார்த்தார்கள். வளைவான ஓட்டையில் முனை ஒட்டவில்லை. அவன் தன் முழங்கையைப் பார்த்தான். அடுத்த விநாடி தலைதெறிக்க ஓடினான்.

பார்பர் அண்ணன் கூடாரத்தில் கம்பெனி கிளார்க்குக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். போட்டி நாளிலும் அந்த கிளார்க்குக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டும். பாதி முகம் முடிந்திருந்தது.

"அண்ணே, கத்தி! இருக்கற கத்தி எல்லாம்! ஓட்டைக்குள்ள பெயிண்டு!"

பார்பர் அண்ணன் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. ஏழு கத்திகளையும் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினார். மறுபாதி முகத்தில் நுரையோடு கிளார்க்கும் பின்னால் ஓடினார். சமையல்கட்டிலிருந்து மண்ணெண்ணெய் வந்தது. இரண்டு நாள் பெயிண்ட், உள்ளே இன்னும் இளகலாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெய் தடவிக் கத்தியை வளைத்துப் பிடித்தால் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. ஆனால் ஓட்டைகள் நாற்பத்தெட்டு.

ஏழு கட்டு முடிவதற்குள் மேல் கம்பெனியின் மூக்கு ஆற்றில் பாதி தூரம் போய்விட்டது. பாக்கி மூன்று கட்டுக்கு உரிய பேனல்கள் தரையில் கிடக்க, அவற்றின் மேல் ஏழு பேர் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மேஜர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். அவரிடம் யோசனை இல்லை என்பது தெரிந்தது.

விசில் பாலத்தின் வாலைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். பிறகு முகாமைப் பார்த்துக் கத்தினார்.

"சும்மா நிக்கறவன் எல்லாம் வால்ல ஏறு! மூணு கட்டு எடையை மனுஷனா ஏத்தறேன். இவங்க சுரண்டட்டும், நாம தள்ளிக்கிட்டே போவோம்!"

இப்படி யாரும் செய்து பார்த்ததில்லை. டிரைவர்கள் ஏறினார்கள், தையல்காரர் ஏறினார், ஸ்டோர்க்காரர் ஏறினார், காய்ச்சல் என்று படுத்திருந்த இரண்டு பேர் போர்வையோடு ஏறினார்கள். பாதி முகத்தோடு கிளார்க் ஏறினார். போட்டி முடிந்ததும் போட வேண்டிய சோற்றை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்த சமையல் மாஸ்டரும் ஏறப்போனார்.

"மாஸ்டர், அண்டாவோட ஏறுங்க!"

"யோவ், நூறு பேர் சோறுய்யா அது!"

"அதனாலதான் சொல்றேன்!"

எட்டு பேர் சேர்ந்து அண்டாவைத் தூக்கி வாலில் வைத்தார்கள். (எட்டு பேர்தான். இதில் மாற்றமே இல்லை, மனைவி என்ன சொன்னாலும்.) விசில் ஊத, மற்றவர்கள் தோள் கொடுத்துத் தள்ள, பாலம் முனகிக்கொண்டே நகர்ந்தது. மூக்கு தண்ணீருக்கு மேலே நீண்டது, நீண்டது, கொஞ்சம் தாழ்ந்தது. வால் உருளையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பியது. வாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினார்கள். நீள விசில். யாரும் மூச்சு விடவில்லை.

"பின்னாடி போங்க!" என்று முதலில் கத்தியது மாஸ்டர்தான். "ஒட்டி நில்லுங்கடா! அண்டாவைத் தள்ளு!"

முப்பது பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, அண்டாவை முதுகால் நெட்டிக்கொண்டு, கடைசி உத்தரத்தில் போய் ஒட்டினார்கள். ஒரு விநாடி அந்தரத்தில் ஆடிவிட்டு வால் தொப்பென்று உருளையில் உட்கார்ந்தது. கரையே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல் எழுந்தது. அதற்குள் எட்டாவது கட்டின் பேனல்கள் தயார். பின் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இவன் வாலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்த இரும்பில் க்ளிப் மாட்டினான். ஒன்பதாவது. பத்தாவது. எடை கூடக் கூட, ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கித் தள்ள வந்தார்கள். மாஸ்டர் அண்டாவோடு கடைசியாக இறங்கினார்.

மூக்கு எதிர்க்கரையைத் தொட்டது. பலகைகள் கைமாறிக் கைமாறிப் பறந்தன. மேல் கம்பெனி கடைசிப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்க் கம்பெனியின் ஜீப் எதிர்க்கரையில் ஏறி ஹாரன் அடித்தது. ஐம்பது விநாடி வித்தியாசம்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. விசிலைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். பார்பர் அண்ணனைத் தூக்கினார்கள். கையில் கத்தி இருக்கிறது என்று அவர் அலறிய பிறகுதான் இறக்கினார்கள். யாரோ இவன் தலையைப் பிடித்து உலுக்கினார்கள். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

மேல் கம்பெனி மீசைதான் முன்னால் வந்தார். "ஒரு ஆட்சேபணை சார்" என்று பிரிகேடியருக்கு சல்யூட் அடித்தார். "பட்டியல்ல இருக்கறவங்க மட்டும்தான் பாலத்துல கை வைக்கணும். இவங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் பாலம் கட்டறவங்களே இல்ல."

பிரிகேடியர் சட்டத்தில் கறார். பட்டியலைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனியை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். சமையல் மாஸ்டர் இருந்தார். பார்பர், தையல்காரர், காய்ச்சல்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். கிளார்க் தன் பெயர் வந்ததும் நுரை காய்ந்த முகத்தோடு விறைத்து நின்றார். பிரிகேடியர் அந்த முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டுவிட்டார். நூற்றுப் பத்துப் பெயர்கள். பட்டியல் முடிந்தது.

வரிசைக் கடைசியில் ஒருவன் மிச்சம் நின்றான்.

"இவன் யாரு?"

கிளார்க்கின் முகத்தில் இருந்த பாதிக் களையும் போய்விட்டது. "பயிற்சி மையத்துலேர்ந்து பத்தொன்பது நாள் முன்னாடி வந்தான் சார். அவனோட காகிதம் இன்னும் வந்து சேரலை. காகிதம் வராம பட்டியல்ல ஏத்தக் கூடாதுங்கறது விதி சார். அதனால..."

"அதனால இவன் இந்தக் கம்பெனி ஆள் இல்ல."

"காகிதப்படி இல்ல சார்."

"பாலத்துல கை வெச்சானா?"

பாலத்தில் இருந்த அத்தனை க்ளிப்பும் அவன் மாட்டியது.

சமையற்காரர்கூடக் கம்பெனி ஆள், முடிவெட்டுபவர்கூடக் கம்பெனி ஆள். கம்பெனி ஆளாக இல்லாதவன் இவன் ஒருவன்தான். வாழ்க்கை முழுக்கக் கூடத்தில் தாழ்ந்த குரலில் பேசியது இதைத்தானோ என்று அவனுக்குத் தோன்றியது. தான் போவது போகட்டும், தன்னால் நூற்றுப் பத்துப் பேரும் கலைந்து போகப்போகிறார்களே. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஓர் அடி முன்னால் வந்தான்.

"சார், தப்பு என்னோடது. என்னை எங்க வேணாலும் அனுப்பிடுங்க. இவங்களைக் கலைக்காதீங்க சார்."

பிரிகேடியர் பேனாவின் மூடியைத் திறந்தார். அப்போது வரிசையின் நடுவிலிருந்து, அடுப்படியிலிருந்து ஆற்றங்கரைக்குக் கேட்கிற அந்தக் குரல் வந்தது.

"சார், ஒரு நிமிஷம்."

மாஸ்டர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. சமையல்கட்டுக்குள் போய், ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுக் கொத்தோடு வந்தார்.

"காகிதத்தைப் பத்தி எனக்குத் தெரியாது சார். தினமும் காலையில இன்னிக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு எழுதி உங்க ஆபீசுக்கு அனுப்பணும். அதைப் பார்த்து நீங்க அரிசி அனுப்புவீங்க. பத்தொன்பது நாள் முன்னாடி இந்தப் பையன் சாயங்காலம் வந்தான். தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில எல்லாருக்கும் பின்னாடி போய் நின்னான். ஏன்டா கடைசியில நிக்கறன்னேன். எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தா போதும் அண்ணேன்னான். எனக்கு மனசு கேக்கலை சார். மறுநாள் சீட்டுல நூத்திப் பதினொண்ணுன்னு எழுதிட்டேன். அன்னியிலேர்ந்து இன்னிக்குக் காலை வரைக்கும் நூத்திப் பதினொண்ணு. ஒருநாளும் உங்க ஆபீஸ் இல்லைன்னு சொல்லலை. கையெழுத்துப் போட்டு அரிசி வந்துக்கிட்டே இருக்கு."

பிரிகேடியர் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கடிகாரத்தோடு நின்ற சப்ளை ஆபீசரிடம் நீட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"பத்தொன்பது சீட்டுலயுமா?"

"ஆமா சார்."

"இவன் வெளியாள்னா, பத்தொன்பது நாளா வெளியாளுக்கு அரிசி கொடுத்திருக்கீங்க."

சப்ளை ஆபீசர் தொண்டையைக் கனைத்தார். "கம்பெனி ஆள்தான் சார். சந்தேகமே இல்ல சார்."

முதலில் சிரித்தது மீசைதான். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, மீசை ஆடியது. "ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றார். "சாப்பாடு போட்டவன் சொன்னதுக்கு அப்புறம் நான் என்ன சொல்றது?" தோற்றவர் அவர், கலையப்போவது அவருடைய கம்பெனி. இருந்தும் அதைச் சொன்னார். அந்த மீசையைக் கீழ்க் கம்பெனி மறக்கவில்லை. அடுத்த மாதம் மேஜர் தலைமையகத்தோடு மல்லுக்கட்டி, அவரையும் அவர் ஆட்கள் பதினைந்து பேரையும் இங்கேயே கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டுக்கு அவரும் வருகிறார். மீசை இப்போது வெள்ளை.

பிரிகேடியர் பட்டியலை எடுத்தார். நூற்றுப் பத்துக்குக் கீழே, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி, நூற்றுப் பதினொன்று என்று எண் போட்டார். அவனுடைய பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு நிமிர்ந்து நின்று, மற்றவர்களை வாசித்த அதே குரலில் அதை வாசித்தார்.

"இருக்கேன் சார்!"

அவன் அத்தனை சத்தமாகக் கத்துவான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கரையில் ஜீப்போடு நின்ற டிரைவர் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அங்கிருந்தே சல்யூட் அடித்தார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார் பிரிகேடியர். "போ. போய்ச் சாப்பிடு."

அந்தக் கம்பெனியில் அவன் பதினோரு வருடம் இருந்தான்.